கேன் இசைக்குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் கேன் குழுவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கேன்ங்கிறது யாரு? எந்த ஊரு, எத்தனை பேரு?

1968-இல் மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கிய குழு. கீபோர்டில் இர்மின் ஷ்மிட், பேஸ் கிட்டாரிலும் ஒலிப்பதிவிலும் ஹோல்கர் சூகாய், டிரம்ஸில் யாக்கி லீபெட்சைட், கிட்டாரில் மிகாயேல் கரோலி. இந்த நால்வர்தான் முதுகெலும்பு. டேவிட் ஜான்சன் என்ற அமெரிக்கரும் ஆரம்பத்தில் இருந்தார், அந்த ஆண்டே விலகிவிட்டார். பாடகர்கள் வந்தார்கள், போனார்கள்.

இவர்கள் கூடிய விதமே விசித்திரம். ஷ்மிட்டும் சூகாயும் நவீன செவ்வியல் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள். லீபெட்சைட் ஃப்ரீ ஜாஸ் (நிலையான தாளத்துக்குக் கட்டுப்படாத ஜாஸ்) வாசித்து அலுத்துப்போய் வந்தவர். கரோலி மற்ற மூவரைவிடப் பத்து வயது இளையவர். சூகாயிடம் மாணவராக இருந்தபோது ஆசிரியருக்கே பீட்டில்ஸ் பாட்டைப் போட்டுக் காட்டி, ராக் இசையின் பக்கம் இழுத்தவர் அவர். முப்பது வயதில் மூன்று பேர் தாங்கள் கற்றதை ஒதுக்கிவைத்துவிட்டு, இருபது வயதுப் பையனோடு உட்கார்ந்து புதிதாகத் தொடங்கினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல கேள்விகள் தாமாகவே அவிழும்.

கேன்னா தகர டப்பாவா? இல்ல, அரசியல் அர்த்தம் ஏதாவது இருக்கா?

முதலில் வைத்திருந்த பெயர் 'இன்னர் ஸ்பேஸ்'. 'தி கேன்' என்று மாற்றச் சொன்னவர் முதல் பாடகர் மால்கம் மூனி. பிறகு 'தி' உதிர்ந்தது. ஆங்கிலத்தில் டப்பா, 'முடியும்' என்று இரண்டு பொருள். துருக்கியில் அதே எழுத்துகளை 'ஜான்' என்று படிப்பார்கள், உயிர் என்று பொருள். கம்யூனிசம், அனார்க்கிசம், நிகிலிசம் என்ற மூன்றின் முதலெழுத்துகள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. அது பின்னால் ஒட்டவைத்தது. பெயர் வைத்தபோது அப்படி எண்ணம் எதுவும் இல்லை.

கிரவுட்ராக்னு ஒரு வகை சொல்றாங்களே, அதுக்குள்ள இவங்க வருவாங்களா?

ஜெர்மன் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் ஒட்டிய சீட்டு அது. 'கிரவுட்' என்பது முட்டைக்கோஸ். ஜெர்மானியரைக் கேலி செய்யப் பயன்பட்ட சொல்லும்கூட. கடையில் தேட அந்தச் சீட்டு உதவும், இசையைப் புரிந்துகொள்ள உதவாது. அதே சீட்டு ஒட்டப்பட்ட கிராஃப்ட்வெர்க், ஃபௌஸ்ட், நோய்! (Neu!) ஆகிய குழுக்களோடு கேனை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

முதல் பாடகர் ஒரே வருஷத்துல ஏன் போயிட்டார்?

மூனி அமெரிக்கக் கறுப்பினத்தவர், ஓவியர், சிற்பி. பாடகராக எந்தப் பயிற்சியும் இல்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அது தாளமாக மாறும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவர் பாணி. 1969-இல் வந்த முதல் எல்பி 'மான்ஸ்டர் மூவி'யின் இரண்டாம் பக்கம் முழுவதும், இருபது நிமிடம், 'யூ டூ ரைட்' என்ற ஒரே பாட்டு. மணிக்கணக்கில் வாசித்ததிலிருந்து வெட்டி எடுத்தது அது. கொலோனுக்கு அருகே நோர்வெனிக் என்ற கோட்டை மாளிகையில் பதிவானது. முதலில் அச்சிட்டது வெறும் 500 பிரதிகள்.

பிறகு அவர் மனநலம் பாதிக்கப்பட்டது. மருத்துவ ஆலோசனையின் பேரில் அந்த ஆண்டின் முடிவில் அமெரிக்கா திரும்பினார். இதை 'பைத்தியக்கார மேதை' கதையாக்கிப் பரப்புகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. நோய்வாய்ப்பட்டார், வீடு திரும்பினார், தேறினார், ஓவியராகத் தொடர்ந்தார். பின்னாளில் இதே நண்பர்களோடு மறுபடி பாடவும் செய்தார்.

தெருவுல பாடிட்டு இருந்தவரைக் கூப்பிட்டு அன்னைக்கு ராத்திரியே மேடை ஏத்தினாங்களாமே, நிஜமா?

நிஜம். 1970 மே மாதம், மியூனிக். சூகாயும் லீபெட்சைட்டும் ஒரு கஃபே வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஒரு ஜப்பானிய இளைஞர் குரலெடுத்துப் பாடிக்கொண்டு வந்தார். அவர்தான் டாமோ சுசுகி. "இன்று இரவு எங்களோடு பாடுகிறாயா?" என்று கேட்டார்கள். ஒத்திகை கிடையாது. அன்றிரவு 'ப்ளோ அப்' என்ற கிளப்பில் பாடினார்.

பாட்டு வரிகளைத் தேடி இணையத்தில் அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாமோ ஆங்கிலம், ஜப்பானியம், எந்த மொழியிலும் இல்லாத சொற்கள் என்று எல்லாவற்றையும் கலந்து, அந்தந்த நேரத்தில் வாயில் வந்ததைப் பாடினார். 'சரியான வரிகள்' என்று போடப்பட்டிருப்பவற்றில் பாதி ஊகம். குரலை இன்னொரு வாத்தியமாகக் கேளுங்கள்.

ரெண்டே டிராக்குல பதிவு பண்ணாங்கன்னு சொல்றாங்க. அது எப்படி முடியும்?

முடிந்தது, அதுவும் 1974 வரை. டிராக் என்பது நாடாவில் தனியாகப் பதியும் ஓர் ஒலித்தடம். அப்போது பெரிய ஸ்டுடியோக்களில் எட்டு, பதினாறு டிராக் மெஷின்கள் வந்துவிட்டன. கேனிடம் இருந்தது இரண்டு டிராக் டேப் ரெக்கார்டர், இடது ஒன்று, வலது ஒன்று. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். டிரம்ஸ் சத்தம் கூடிவிட்டது என்று பிறகு குறைக்க வழியில்லை. வாசிக்கும்போதே ஒருவருக்கொருவர் செவிகொடுத்துச் சத்தத்தைச் சமன்செய்துகொள்ள வேண்டும். கூடுதலாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால், முதல் மெஷினை ஓடவிட்டு, அதன் மேல் வாசித்து, இரண்டையும் சேர்த்து இரண்டாவது மெஷினில் பதிவார்கள். இப்படி ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல் ஒரு படி ஏறும், மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும். அதனால் மூன்றாவது முறைக்குப் போக யாரும் துணிவதில்லை.

அடுத்த கட்டம் வெட்டுவது. இதில்தான் சூகாய் கைதேர்ந்தவர். இரண்டு சுருள்களையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால், நாடா ஒலிமுனையைத் தேய்த்துக்கொண்டு உறுமும். டிரம் அடி விழும் இடத்தில் அந்த உறுமல் 'டப்' என்று மாறும். அங்கே மெழுகுப் பென்சிலால் நாடாவின் முதுகில் ஒரு கோடு. நாடாவை அலுமினியக் கட்டையின் பள்ளத்தில் படுக்கவைத்து, சவர பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. சாய்வாக வெட்டுவதற்குக் காரணம் உண்டு. நேராக வெட்டினால் ஒலி சட்டென்று மாறி 'டிக்' என்று கேட்கும். சாய்வில் ஒரு துண்டின் ஒலி மறைய மறைய மற்றதன் ஒலி எழும்பும். பிறகு இரு முனைகளையும் இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, பின்புறம் ஒட்டுநாடா. ஒட்டு அகலமாக வெளியே நீட்டினால் அது அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டு டேப்பையே இழுத்துவிடும்.

ஒரு கணக்கும் பாருங்கள். நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் டேப் ஓடுகிறது, தாளம் நிமிடத்துக்கு 100 அடி என்றால், ஓர் அடிக்கு 11.4 செ.மீ. நாடா. தாளம் 95-க்கு இறங்கிவிட்டால் அதுவே 12 செ.மீ. இந்த ஆறு மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள இரண்டு துண்டுகளை ஒட்டினால், கேட்பவருக்குக் கால் தடுக்கியது போல இருக்கும். கேன் பாட்டுகளில் ஏன் தடுக்குவதில்லை? லீபெட்சைட் முதல் நிமிடத்தில் வாசித்த வேகத்தையே நாற்பதாவது நிமிடத்திலும் வாசிப்பார். எங்கோ வெட்டியதை எங்கோ ஒட்டலாம். அந்த டிரம்ஸும் இந்த பிளேடும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பது எங்கள் எண்ணம்.

அப்ப டிரம்ஸ் மெஷின்தான் வாசிச்சதா? மனுஷன் இப்படி வாசிக்க முடியுமா?

மனிதர்தான். 'பாதி மனிதர், பாதி இயந்திரம்' என்றே அவரைச் சொல்வார்கள். ஃப்ரீ ஜாஸில் இருந்தபோது ஒருவர் அவரிடம், "நீ ஒரே மாதிரி வாசிக்க வேண்டும்" என்று சொன்னாராம். அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஜாஸில் எதையும் திரும்பச் செய்யக்கூடாது என்று இருந்த கட்டுப்பாடும் ஒரு சிறைதான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

'ஹலேலுவா' என்ற பதினெட்டு நிமிடப் பாட்டில் இதைக் கேட்கலாம். சுழற்சி ஒன்றே, ஆனால் அச்சடித்த நகல் இல்லை. ஸ்நேர் டிரம்மில் நடுநடுவே மெல்லிய விரல்தட்டு போன்ற அடிகள் வரும் போகும். பிரதான அடிகள் மட்டும் இம்மி நகராது. டிரம் மெஷினையும் பயன்படுத்தினார்கள்: 1971-இல் பதிவான 'ஸ்பூன்' பாட்டில் லீபெட்சைட் அதோடு சேர்ந்து வாசிக்கிறார். எது இயந்திரம், எது கை என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள், நல்ல காதுப் பயிற்சி.

சுவர் முழுக்க மெத்தை அடிச்சாங்கன்னு ஒரு கதை இருக்கே?

நோர்வெனிக் மாளிகையிலிருந்து வெளியேறிய பிறகு, 1971 கடைசியில் வைலர்ஸ்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு பழைய சினிமா கொட்டகையைப் பிடித்தார்கள். பெயர் இன்னர் ஸ்பேஸ் ஸ்டுடியோ. கொட்டகை என்றால் எதிரொலி. அதை அடக்க ராணுவத்தின் பழைய மெத்தைகள் சுமார் 1,500 வாங்கிச் சுவரில் அடித்தார்கள்.

மெத்தை நடுத்தர, மேல் ஸ்தாயிகளைத்தான் உறிஞ்சும். பேஸ் அதிர்வு அதை ஊடுருவிப் போய்விடும். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கவும் அது போதாது. ஆனால் இவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: எல்லோரும் ஒரே அறையில் வாசிக்கும்போது ஒருவர் சத்தம் சுவரில் பட்டு அடுத்தவர் மைக்கில் போய்க் குழம்பாமல் இருப்பது. இரண்டு டிராக் முறைக்கு இது உயிர்நாடி. அந்த ஸ்டுடியோ பின்னர் மெத்தைகளோடு பெயர்க்கப்பட்டு, க்ரோனாவ் நகரில் உள்ள ராக், பாப் அருங்காட்சியகத்துக்குப் போனது.

எங்கிருந்து கேக்க ஆரம்பிக்கிறது?

1972-இல் வந்த 'ஏகே பாம்யாஸி'. 40 நிமிடம், ஏழு பாட்டு, அதில் 'வைட்டமின் சி' மூன்றரை நிமிடம்தான். அடுத்து 1973-இன் 'ஃப்யூச்சர் டேய்ஸ்'. அது நீரோட்டம் போன்றது, இரண்டாம் பக்கம் முழுதும் 'பெல் ஏர்' என்ற ஒரே நீளப் பாட்டு. பிறகு 1971-இன் 'டாகோ மாகோ'. எல்லோரும் டாகோ மாகோவைத்தான் முதலில் கையில் கொடுக்கிறார்கள், அடுத்த கேள்வி வருவதற்கு அதுவே காரணம்.

டாகோ மாகோ ரெண்டாவது தட்டு கேக்கவே முடியல. என் ரசனைதான் மோசமா?

இல்லை. அது இரண்டு தட்டுகள் கொண்ட தொகுப்பு. முதல் தட்டில் தாளம் தரையில் நிற்கிறது. இரண்டாவது தட்டின் முதல் பக்கம் முழுதும் 'ஔம்ன்', பதினேழு நிமிடம். ஓம் என்பதை இழுத்துக் கரகரக்கும் ஷ்மிட்டின் குரல், எதிரொலி, உருளும் டிரம்ஸ். பதிவுக்காக வாசித்தது மட்டுமல்லாமல், இடைவேளையில் அவரவர் விளையாடிக்கொண்டிருந்ததையும் சூகாய் மெஷினை ஓடவிட்டுப் பிடித்து வைத்திருந்தார், அவையும் இங்கே சேர்ந்திருக்கின்றன. இதை வெளியிடலாமா என்ற தயக்கம் குழுவுக்கே இருந்தது. இரட்டைத் தட்டாக வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் இர்மினின் மனைவி ஹில்டகார்ட். குழுவின் நிர்வாகியாகிப் பிற்பாடு ஸ்பூன் என்ற நிறுவனத்தையும் நடத்தியவர்.

ஒரு வழி சொல்கிறோம். நான்கு பக்கங்களையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். தட்டாக வந்தபோது யாரும் அப்படிக் கேட்டதில்லை, எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். மூன்றாம் பக்கத்தை மட்டும் ஒரு நாள் தனியாக, இருட்டில், ஹெட்ஃபோன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேளுங்கள். அது பாட்டல்ல, ஓர் அறை. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், குற்றமில்லை.

அட்டையில வெண்டைக்காய் டப்பா எதுக்கு?

'ஏகே பாம்யாஸி' என்றால் துருக்கியில் ஏகியன் கடற்பகுதி வெண்டைக்காய். அட்டையில் இருப்பதும் வெண்டைக்காய் டப்பாதான். குழுவின் பெயர் டப்பா, துருக்கியில் அதுவே உயிர் (இரண்டாவது பதிலைப் பாருங்கள்). பொருத்தம் தானாக அமைந்தது.

இவங்களுக்கு ஹிட் பாட்டுன்னு ஒண்ணு உண்டா?

இரண்டு. 'ஸ்பூன்' ஜெர்மனியில் ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பு இசை. தொடரின் பெயர் 'தாஸ் மெஸ்ஸர்', அதாவது கத்தி. கத்திக்குக் கரண்டி! ஜெர்மன் பட்டியலில் 6-ஆம் இடம் வரை போனது. அந்த வெற்றியைக் கொண்டாட 1972 பிப்ரவரியில் கொலோனில் இலவசக் கச்சேரி நடத்தினார்கள். இரண்டாவது, 1976-இன் 'ஐ வாண்ட் மோர்', பிரிட்டனில் 26-ஆம் இடம். படங்களுக்கு இசை செய்வது இவர்களுக்கு நிலையான வருமானமாக இருந்தது. 1970-இன் 'சவுண்ட்டிராக்ஸ்' அப்படி வந்த பாட்டுகளின் தொகுப்பு. அதில் உள்ள பதினான்கு நிமிட 'மதர் ஸ்கை'யைத் தவறவிடாதீர்கள்.

டாமோ போனதும் எல்லாம் போச்சுன்னு சொல்றாங்களே?

டாமோ 1973-இல் திருமணம் செய்துகொண்டு, யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்து விலகினார். ஆனால் அடுத்த ஆண்டு வந்த 'சூன் ஓவர் பாபலூமா'வில் கரோலியும் ஷ்மிட்டும் பாடியிருக்கிறார்கள், நல்ல தொகுப்பு. உண்மையான முறிவு 1975-இல். அந்த ஆண்டு 'லேண்டட்' எல்பிக்கு 16 டிராக் மெஷின் வந்தது.

முன்பு நால்வரும் ஒன்றாக இருந்தால்தான் பதிவு. இப்போது ஒருவர் காலையில் வந்து தன் பங்கை வாசித்துவிட்டுப் போகலாம், அடுத்தவர் மாலையில் வரலாம். வாசிக்கும்போதே விட்டுக்கொடுத்துச் சமன்செய்ய வேண்டிய கட்டாயம் போய்விட்டது. தவறு நடந்தால் அந்த டிராக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றானதும், தவறுக்குள் இருந்து புதிய பாதை பிறப்பதும் நின்றது. சத்தம் தெளிவானது, கூட்டு வாசிப்பு தளர்ந்தது. பாடகர் இல்லாததைவிட இதுதான் பெரிய காரணம் என்று துணிந்து சொல்வோம்.

பேஸ் வாசிச்சவர் ஏன் ரேடியோவை வாசிக்க ஆரம்பிச்சார்?

1977-இல் டிராஃபிக் என்ற பிரிட்டிஷ் குழுவிலிருந்து ரோஸ்கோ ஜீ பேஸ் வாசிக்கவும், ரீபாப் க்வாகு பா தாளவாத்தியம் வாசிக்கவும் வந்தார்கள். சூகாய் பேஸை ஜீயிடம் விட்டுவிட்டு, சிற்றலை வானொலி, தொலைபேசி, டேப் துண்டுகள் ஆகியவற்றை மேடையில் வாத்தியமாக்கினார். வானொலியில் அந்த நொடியில் எது கிடைக்கிறதோ அது பாட்டுக்குள் வரும். மற்றவர்களுக்கு இது ஒத்துவரவில்லை. விலகினார். அவர் இல்லாமல் வந்த 1978-இன் 'அவுட் ஆஃப் ரீச்'சைக் குழுவே நெடுங்காலம் தங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. 1979-இல் வந்த தொகுப்பை வெட்டித் தொகுத்தவர் மறுபடி சூகாய்தான். அதோடு குழு கலைந்தது. மூனியோடு மீண்டும் கூடிப் பதிவு செய்தது 1989-இல் 'ரைட் டைம்' என்று வந்தது.

நாங்களும் நாலு பேர் கூடி இப்படி வாசிச்சுப் பார்த்தோம், வெறும் இரைச்சல்தான் வருது. எங்க தப்பு?

பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, எல்லோரும் எல்லா நேரமும் வாசிப்பது. அடுத்தவர் வாசிப்பது காதில் தெளிவாக விழவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள், அல்லது அதிகமாக வாசிக்கிறீர்கள். இரண்டு, டிரம்ஸ்காரர் அலுத்துப்போய்த் தாளத்தை மாற்றிவிடுவது. மேலே சொன்ன 11.4 செ.மீ. கணக்கை அவரிடம் காட்டுங்கள். மூன்று, வாசித்ததை அப்படியே முடிவான பாட்டு என்று நினைத்துவிடுவது. கேன் வாசித்ததை அப்படியே வெளியிட்டது குறைவு.

செய்முறை இதுதான். இரண்டே மைக். ஸ்டீரியோவாக, டிரம்ஸிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, தலை உயரத்தில். டிரம்ஸ் எவ்வளவு சத்தமோ அதற்குக் கீழே ஆம்ப்ளிஃபையர்களை வையுங்கள். பேஸ் அமுங்கினால் மைக்கை நகர்த்தாமல் பேஸ் ஆம்பை மைக்குக்கு அருகே இழுங்கள். டிரம்ஸும் பேஸும் முதல் ஐந்து நிமிடம் தனியாக ஒரே சுழற்சியை வாசிக்கட்டும், மற்றவர்கள் கை கட்டிக் கேட்கட்டும். பிறகு நாற்பது நிமிடம் நிறுத்தாமல், பேசாமல். அன்றே கேட்காதீர்கள். மறுநாள் கேட்டு, உடம்பு தானாக அசையும் நிமிடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பதில் ஏழு தேறினால் நல்ல நாள். கணினியில் வெட்டும்போதும் அடி விழும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டுங்கள், சிம்பல் ரீங்காரத்தின் நடுவில் வெட்டினால் அது அறுந்து தொங்கும்.

பாட்டு யார் பெயரில் என்ற சண்டை வராமலிருக்க அவர்கள் வழியையே பின்பற்றலாம். வாசித்த எல்லோர் பெயரிலும்.

லைவ் ரெக்கார்டிங் எதை வாங்கலாம்?

2021 முதல் வந்த லைவ் வரிசையை. ஸ்டுட்கார்ட் 1975, பிரைட்டன் 1975, கூக்ஸ்ஹாஃபன் 1976 ஆகியவற்றில் டாமோ இல்லை, பாட்டுகளுக்குப் பெயரும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான். மேடையில் பழைய பாட்டுகளை அப்படியே திரும்ப வாசிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லாததால் அந்த எண்களே நேர்மையானவை. டாமோவின் குரல் வேண்டுமென்றால் பாரிஸ் 1973. ஸ்டுடியோவில் வெளியாகாமல் கிடந்தவற்றுக்கு 2012-இன் மூன்று சிடித் தொகுப்பான 'தி லாஸ்ட் டேப்ஸ்' இருக்கிறது. ஸ்டுடியோ அருங்காட்சியகத்துக்கு மாறியபோது கிளறிப் பார்த்ததில் வெளிவந்த நாடாக்கள் அவை.

இப்ப யார் இருக்காங்க?

கரோலி 2001 நவம்பரில் மறைந்தார். 2017 ஜனவரியில் லீபெட்சைட், அதே ஆண்டு செப்டம்பரில் சூகாய். சூகாய் இறந்தது வைலர்ஸ்விஸ்டின் அதே பழைய கொட்டகையில், கடைசிவரை அதுதான் அவர் வீடு. டாமோ 1980-களில் மேடைக்குத் திரும்பி, போகும் ஊரிலெல்லாம் அங்குள்ள கலைஞர்களோடு ஒத்திகையின்றிப் பாடிக்கொண்டிருந்தார். 2024 பிப்ரவரியில் அவரும் போனார். நால்வரில் எஞ்சியவர் இர்மின் ஷ்மிட். மேலே சொன்ன லைவ் வரிசைக்கான நாடாக்களைப் பொறுக்கி எடுத்ததில் அவர் காதுக்கும் பங்கு உண்டு.